மாதம்மா ஊர்களைக் கூப்பிட்ட மத்தியானம்

முதல்லயே சொல்லிடறேங்க. பேய், பிசாசு, ஜின்னு, சாமி வர்றது, இது எதுலயும் எனக்கு நம்பிக்கை கெடையாது, அன்னிக்கும் இல்ல, இப்பவும் இருக்குன்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். எங்க அத்தா தர்மபுரி கடைத்தெருவுல தகரப் பெட்டி செய்யறவரு, தாயத்து, மந்திரிச்ச தண்ணின்னு யாராச்சும் கடைக்கு வந்தா கையில இருக்கற சுத்தியலோடயே வழியனுப்பி வெப்பாரு, அந்த வூட்டுல வளந்தவன் நானு. நீங்க வேற கம்ப்யூட்டர்லயே பொழப்பு நடத்தறவரு, நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க மூஞ்சில ஒரு சிரிப்பு வரும், வரட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. என் ரெண்டு காதால கேட்டதைத்தான் சொல்றேன்.

எண்பதுகளோட கடைசி அது. நம்ம மாவட்டத்துல அப்ப ஒரு தனியார் சர்க்கரை ஆலை இருந்துச்சு, பேரு வேண்டாம், எப்பவோ மூடிட்டாங்க, மொதலாளியோட வாரிசுங்க எங்கயோ நல்லா இருக்காங்க, நமக்கெதுக்கு வம்பு. அங்க கரும்பு ஆபீசுல புதுசா கம்ப்யூட்டர் வாங்கி அதுக்குப் பொறுப்பா என்னைப் போட்டாங்க. பெரிய பொட்டி ஒண்ணு, அதுதான் சர்வரு, அதுலேர்ந்து ஒயரு இழுத்து பக்கத்து ரூம்ல டைப் பண்றவங்களுக்குத் திரை. அவ்வளவுதான் மொத்த வைபவமும், ஆனா ஊரே வந்து பாத்துட்டுப் போவும்.

அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள செருப்போட போவக்கூடாது, உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. தூசி ஆவாதுன்னு கம்பெனிக்காரன் சொன்னது, நம்ம ஜனங்களுக்கு அது வேற மாதிரி புரிஞ்சுபோச்சு. கதவோரமா செருப்பைக் கழட்டு, உள்ள சில்லுன்னு ஏசி, அரை இருட்டுல ஒரு பொட்டி முணுமுணுன்னு என்னமோ சொல்லிக்கிட்டே இருக்கு, விவசாயிங்க எட்டிப் பாத்ததும் தோள்ல இருந்த துண்டு தன்னால இடுப்புக்கு எறங்கிரும். ஒருத்தரு கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு கன்னத்துலயே போட்டுக்கிட்டாரு. "பெரியவரே, உள்ள இருக்கறது கணக்குப்புள்ளை, சாமி இல்ல"ன்னு கிண்டல் பண்ணுவேன். வாய்த்துடுக்கு எனக்கு அப்ப ஜாஸ்தி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கரும்புல யாரு முதல்ல நட்டாங்களோ அவங்களுக்குத்தான் முதல்ல வெட்டு உத்தரவு குடுக்கணும். உத்தரவு இல்லாம வெட்ட முடியாது, வெட்டுனாலும் ஆலை வாங்காது. தேதி தப்பி தள்ளிப்போச்சுன்னா கரும்பு பூத்துரும், உள்ள நெட்டி விழுந்து சாறு வத்திரும், ஒரு வருஷப் பாடு மாட்டுக்குத் தீவனமாப் போயிரும். எந்த ஊர்ல யாரு என்னைக்கு நட்டாங்கங்கற விவரம் ஊருக்கு ஒரு ஃபைலா அந்த சர்வர்ல இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல, அதுதான் கொடுமை. ஃபீல்டுமேனுங்க எழுதிக் கொண்டாந்த சீட்டெல்லாம் மூட்டையா கெடந்தது, "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு"ன்னு மேலேர்ந்து உத்தரவு வந்து, பாய்லரை சோதிச்சுப் பாத்தப்ப சக்கையோட சக்கையா அதையும் போட்டு எரிச்சுட்டாங்க. ஃப்ளாப்பியில எடுத்து வெச்சதெல்லாம் மழைக்குப் பூஞ்சை புடிச்சு ஒண்ணும் படிக்கல.

அரவை ஆரம்பிக்க ஒரு வாரம்கூட இல்லாத சமயத்துல, ஒருநா காலையில ரூமைத் திறந்தா சர்வர்லேர்ந்து ஒரு சத்தம். டகடக டிம், டகடக டிம்னு, உள்ள யாரோ விரலால தட்டற மாதிரி. பெங்களூர்ல இருக்கற கம்பெனி இன்ஜினியருக்கு ட்ரங்கால் போட்டு, ரிசீவரைப் பொட்டிகிட்ட நீட்டிக் காமிச்சேன். அந்தாளு கேட்டுட்டு, "டிஸ்க் சாவப்போவுது நசீர். அணைச்சுடாதீங்க, அணைச்சா மறுபடி எந்திரிக்காது. ரெண்டாவது டிஸ்க் ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கேன்ல, அதுல புதுசா டைரக்டரி போட்டு மொத்தத்தையும் இப்பவே காப்பி பண்ணிடுங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டான். இப்ப ஃபோல்டர்ங்கறீங்களே, அதுக்கு அப்ப டைரக்டரின்னு பேரு.

காப்பி கட்டளை குடுத்தேன். இந்தக் காலம் மாதிரி பச்சைக் கோடு ஓடாதுங்க, கறுப்புத் திரையில ஒரு ஃபைல் பேரு வரும், அது போய்ச் சேந்ததும் அடுத்த பேரு வரும், நாம பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். எங்க கரும்பு அதிகாரி கோவிந்தராஜ் சாரு எனக்குப் பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு, வேர்த்து ஊத்துது அவருக்கு. அரவை நடந்தாத்தான் ஆலைக்கு சொந்தக் கரண்ட்டு, மத்த நாள்ல ஊர்க் கரண்ட்டுதான், உச்சிவேளைக்கு வோல்டேஜ் எறங்கி ஏசி நின்னுபோச்சு. பொட்டி கொதிக்க ஆரம்பிச்சுருச்சு. தூசியாவது மண்ணாவதுன்னு ஜன்னல் கதவு எல்லாத்தையும் திறந்துவிட்டேன், டேபிள் ஃபேனைப் பொட்டி பக்கம் திருப்பி வெச்சேன்.

ஜன்னலைத் திறந்ததாலதான் அது நடந்துச்சுன்னு நெனைக்கறேன். ஜன்னலுக்கு வெளிய தகரக் கொட்டாய், அதுல வெட்டு உத்தரவுக்குக் காத்துக்கிட்டிருந்த விவசாயிங்க. பாலக்கோட்டு மார்க்கெட்டுல தக்காளியைப் போட்டுட்டு அப்படியே வந்தவங்க, கம்பைநல்லூர்லேர்ந்து பஸ் மாறி வந்தவங்கன்னு நல்ல கூட்டம். டிஸ்க்கு சத்தம் வெளிய போவுது, டகடக டிம், டகடக டிம். கொஞ்ச நேரத்துல வெளிய ஒரு கூச்சல். எட்டிப் பாத்தா நடு வயசுல ஒரு அம்மா, தலைமுடி அவுந்து, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு ஆடுது. உள்ள பொட்டி தட்டற தாளத்துக்கே கால் எடுத்து வெக்குது.

பக்கத்துல ஒல்லியா ஒருத்தரு அந்தம்மா கீழ விழாம புடிச்சுக்கிட்டிருந்தாரு. நான் ஜன்னல்லேர்ந்தே, "என்னங்க ஆச்சு அவங்களுக்கு?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க பாய், எம் பொண்டாட்டிதான், மாதம்மா. மேளம் கேட்டா அவளுக்கு வரும்ங்க" அப்படின்னவரு, உள்ள எட்டிப் பாத்து, "யாருங்க உள்ள பம்பை அடிக்கறது?"ன்னாரு.

"பம்பையும் இல்ல ஒண்ணும் இல்லீங்க, உங்க கரும்புத் தேதியெல்லாம் இருக்கற மெஷின் ரிப்பேரு"ன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டேன். அந்த மனுஷன் பேரு மாதையன், மலையடிவாரத்துல ஒரு ஊரு, வூட்டுல கன்னடம் பேசறவங்க. இதெல்லாம் அப்பறம் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

அந்தம்மா ஊர் பேரா சொல்ல ஆரம்பிச்சுது. "சிக்கனஹள்ளீ..." அப்படின்னு இழுத்து ஒரு கூப்பாடு. கொஞ்சம் விட்டு "மொட்டப்பாறே..." இன்னுங் கொஞ்சம் விட்டு "புங்கம்பட்டீ..." சாமி வந்தா எதையாச்சும் சொல்லத்தானே செய்யும்னு நான் காதுல போட்டுக்கல. திரையைப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்பறம்தாங்க என் முதுகுல ஐஸ் வெச்ச மாதிரி ஆச்சு. திரையில ஊர் பேரே வராது, வெறும் நம்பருதான் வரும், எந்த ஊருக்கு எந்த நம்பருன்னு போட்டவனே நான்தான், எனக்கு மனப்பாடம். சிக்கனஹள்ளி நம்பரு போச்சு. மொட்டப்பாறை நம்பரு போச்சு. புங்கம்பட்டி நம்பரு ஓடிக்கிட்டிருக்கு.

நீங்க இப்ப என்ன கேப்பீங்கன்னு தெரியும். வரிசையாத்தானே இருக்கும், தெரிஞ்சவன் எவனாச்சும் சொல்லிக் குடுத்திருப்பான்னு. அதான் இல்ல. நம்பர் வரிசையிலயும் போவல, பஸ் போற வழியிலயும் போவல. எந்தச் சீட்டுக் கட்டு முதல்ல கையில சிக்குச்சோ அதை முதல்ல டைப் பண்ணினாங்க, டிஸ்க்குல அந்த வரிசையிலதான் இருக்குது, அந்த வரிசை எனக்கே தெரியாது, பெத்த தாய்க்கும் தெரியாது. திரை தெரியுதோன்னு சந்தேகப்பட்டு எந்திரிச்சு முதுகால மறைச்சு நின்னேன். அப்பவும் "ஒட்டுப்பள்ளே..."ன்னு கூப்புடுது, நான் திரும்பிப் பாக்கறேன், ஒட்டுப்பள்ளம் நம்பரு அப்பத்தான் திரையில வருது. புரியுதுங்களா? அந்தம்மா வாயில வந்து ஒரு மூச்சு விட்டு அப்பறம்தான் திரையில வருது.

கோவிந்தராஜ் சார்கிட்ட சொன்னேன். அவரும் நாலஞ்சு ஊருக்கு ஒத்துப் பாத்தாரு, எந்திரிச்சு நின்னுட்டாரு மனுஷன். எம்.எஸ்சி படிச்சவருங்க அவரு. ஜன்னலுக்குப் போயி வெளிய இருக்கறவங்ககிட்ட, "அந்தம்மா சொல்ற ஊரெல்லாம் இங்க பொழச்சு வருதுய்யா!"ன்னு கத்திட்டாரு. அவங்கவங்க ஊர் பேரு எப்ப வரும்னு அத்தனை பேரும் அந்தம்மா வாயையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. பேரு வந்ததும் ஒருத்தரு அப்படியே மண்ணுல உக்காந்து அழுதாரு. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல, பயம் இல்ல அது, பெரிய மழை ஊரைத் தாண்டிப் போறதை வாசல்ல நின்னு பாப்போமே, அந்த மாதிரி இருந்துச்சு.

திடீர்னு அந்தம்மா நிறுத்திருச்சு. பின்னால கட்டுன கை கட்டுனபடியே நிக்குது. அதுக்கப்பறம் உள்ள டிஸ்க்கு சத்தம் நிக்குது. திரையில படிக்க முடியலன்னு வந்து, மொத்தத்தையும் விட்டுடவா, திரும்பப் பாக்கவா, தாண்டிப் போவவான்னு கேக்குது. எந்த ஊருன்னு பாத்தா கல்லாத்துக்காடு, காட்டுக்குள்ள நாலஞ்சு வூடு, அவ்வளவுதான் ஊரே. திரும்பப் பாருன்னு ஒரு பட்டனு, அமுக்குனேன், வரல. மறுபடியும், மறுபடியும், வரல. பொட்டி மேல கை வெக்க முடியல, அப்படிச் சுடுது.

கோவிந்தராஜ் சாரு சொன்னாரு, "நசீர், தாண்டிப் போயிடுப்பா. ஒரு சின்ன ஊருக்காகப் பாத்தா மிச்சம் அத்தனையும் போயிரும்."

அவரு சொன்னதுல தப்பே இல்ல, நீங்களா இருந்தாலும் அதைத்தான் செய்வீங்க. தாண்டிப் போற பட்டனுக்கு விரலைக் கொண்டுபோறேன், வெளியேர்ந்து ஒரு கத்தல், "பிடபேடா! பிடபேடா!"

மாதையன் ஜன்னலைப் புடிச்சுக்கிட்டு, "விட்டுடாதேன்னு சொல்லுதுங்க பாய். மேளம் நின்னுபோச்சுங்க, அதான் தவிக்குது. வந்த சாமி பாதியில நிக்கக்கூடாதுங்க"ன்னாரு. சொல்லிட்டு நிக்கல, அங்க குடிதண்ணி வெச்சிருந்த தகர டின்னை அப்படியே கவுத்துக் கொட்டிட்டு, மடியில வெச்சுக்கிட்டு அடிக்க ஆரம்பிச்சாரு. டகடக டிம், டகடக டிம். எங்க டிஸ்க்கு தட்டுன அதே தாளம், ஒரு இம்மி பிசகல. சுத்தி இருந்தவங்க கை தட்டறாங்க, தகரக் கொட்டாயே அதிருது, ஜன்னல் கம்பி அதிருது, என் மேசை மேல இருந்த டீ கிளாஸ் நகருது. அந்தம்மாவுக்குக் கால் அசையுது. மூச்சை இழுத்து, "கல்லாத்துக்காடே..."ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, நான் என்னை அறியாம 'திரும்பப் பாரு'வை அமுக்குனேன்.

உள்ள டிஸ்க்கு அந்த டின்னு தாளத்தைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சுதுங்க. நம்புனா நம்புங்க, இல்லாட்டி விடுங்க. கல்லாத்துக்காடு நம்பரு போயிருச்சு, அடுத்தது வந்துருச்சு. அதுக்கப்பறம் உள்ளயும் வெளியயும் ஒரே தாளம், எது டின்னு எது டிஸ்க்குன்னு பிரிக்க முடியல. கடைசி ஃபைலும் போயி திரை ஓஞ்சு நின்னப்ப அந்தம்மா தொப்புன்னு உக்காந்துருச்சு. மாதையன் டின்னை வெச்சுட்டு, "சாமி மலையேறிருச்சுங்க"ன்னாரு. அந்தம்மா முடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டு, தண்ணி கேட்டுச்சு. இருந்த தண்ணியைத்தான் கொட்டியாச்சே, நான்தான் உள்ளேர்ந்து கொண்டுபோயிக் குடுத்தேன். குடுக்கறப்பத்தான் பாத்தேன், என் செருப்பு ரூம் வாசல்ல கெடக்குது, கொதிக்கற தரையில வெறுங்காலோட நடந்து வந்திருக்கேன்.

சர்வரை அணைச்சோம், இன்ஜினியர் சொன்ன மாதிரியே அந்தப் பழைய டிஸ்க்கு மறுபடி எந்திரிக்கல. புது டைரக்டரிலேர்ந்து மறுநா வெட்டு உத்தரவு அடிக்க உக்காந்தேன். ஒவ்வொரு ஊரா திறக்கறேன், எல்லாம் சுத்தமா இருக்கு, கல்லாத்துக்காட்டுல ஒரு எழுத்து கொறையல. சந்தோஷமா அடிச்சுக்கிட்டே வர்றேன், முத்தனஹள்ளின்னு ஒரு ஊரு. ஃபைலு இருக்கு, அளவு சரியா இருக்கு, திறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரு பேரு இல்ல, ஒரு தேதி இல்ல, வெறும் வெத்து. காப்பி ஆனப்ப அதுக்குத் தடங்கலும் வரல, திரை மத்ததை மாதிரியே அதையும் தாண்டிப் போச்சு.

அப்பத்தான் யோசிச்சுப் பாத்தேன், அந்தம்மா முத்தனஹள்ளின்னு சொன்ன மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல. கோவிந்தராஜ் சாரைக் கேட்டேன், அவருக்கும் இல்ல. ஃபீல்டுமேனைக் கூப்புட்டு, முத்தனஹள்ளியில நமக்குக் கரும்பு போட்டவங்க யாரு யாருன்னு கேட்டேன். அவன் சொன்ன முதல் பேரே மாதையன்.

அந்த ஊர்க்காரங்க வந்து அவங்கவங்க வாயால தேதி சொன்னாங்க, ஆலை அதை ஏத்துக்கல, ஊரையே கடைசிக்குத் தள்ளிட்டாங்க. கோவிந்தராஜ் சாரு மேல வரைக்கும் போயி சண்டை போட்டுப் பாத்தாரு, ஒண்ணும் நடக்கல. எனக்கு மனசு கேக்காம ஒருநா பஸ் புடிச்சு முத்தனஹள்ளிக்குப் போனேன். தூரத்துலேர்ந்தே தெரியுது, காடு பூரா கரும்பு பூத்து வெள்ளையா நிக்குது. மாதம்மா வரப்புல உக்காந்து மாட்டுக்குப் போடக் கரும்புத் தோகையைக் கட்டாக் கட்டிக்கிட்டிருந்துச்சு. அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதாம்மான்னு கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலீங்களே பாய், தலை சுத்துச்சு, உக்காந்துட்டேன், அவ்ளோதான்"னு சொல்லிட்டு எனக்கு ஒரு கரும்பை ஒடிச்சுக் குடுத்துச்சு. கடிச்சேன், சாறே இல்ல.

மாதையன்தான் என்னை பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டாரு. நடந்து வர்றப்ப தயங்கித் தயங்கி, உங்க ஊரு பேரு மட்டும் ஏங்க வரலைன்னு கேட்டேன்.

"வராதுங்க பாய். அவ மேல வந்தா எல்லா ஊருக்கும் சொல்லும், எங்கூருக்கு மட்டும் சொல்லாது. தனக்குன்னு கேட்டுக்கக்கூடாதுங்க, அது அப்படித்தான். அன்னிக்கு ஆபீசரு ஜன்னல்ல வந்து கத்துனாரு பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்கூரு வராதுன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "தெரிஞ்சுமா டின்னை எடுத்து அடிச்சீங்க?"

அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு, நான் என்னமோ கேக்கக்கூடாததைக் கேட்டுட்ட மாதிரி. "பாதியில நிறுத்தலாமாங்க? மத்த ஊருங்க எல்லாம் நிக்குதில்ல"ன்னாரு. அதுக்குள்ள பஸ் வந்துருச்சு, கையைக் காட்டி நிறுத்தி என்னை ஏத்திவிட்டுட்டுப் போயிட்டாரு.

இத்தனை வருஷமா நான் மண்டையை ஒடைச்சுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஃபைலு ஏற்கனவே செத்துப்போனதால அந்தம்மா கூப்புடலையா, இல்ல அந்தம்மா கூப்புடாததாலதான் அது செத்துச்சா? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. என் பையன் இப்ப பெரிய கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்திருக்கான், ஃபோட்டோ, வீடியோன்னு அப்பப்ப ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு மாத்துவேன். அப்ப ஒவ்வொரு ஃபோல்டர் பேரையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே இருப்பேன், வூட்டுல எல்லாரும் சிரிப்பாங்க. என் பேரு போட்டு ஒரு ஃபோல்டர் இருக்குது, அது வர்றப்ப மட்டும் எனக்கு வாயைத் திறக்க வரலீங்க. அடுப்படியில இருக்கற எங்க வூட்டம்மாவைக் கூப்புட்டு, கொஞ்சம் நசீர்னு சொல்லுன்னு சொல்லுவேன், அவ சொன்னதுக்கப்பறம்தான் பட்டனை அமுக்குவேன்.